கோழிக்குத் தவக்காலம் கிடையாது: ஈஸ்டர் முட்டை வந்த வழி

போன வருஷம் ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை ராத்திரி நண்பன் ஒருத்தன் போன் பண்ணினான். ஏலாக்குறிச்சிப் பக்கத்துக்காரன், இன்ஜினியரிங் படித்தபோது நாலு வருஷம் என் ஹாஸ்டல் ரூம்மேட். எப்போதும் சிரித்துப் பேசுகிறவன், அன்றைக்குக் குரல் சரியில்லை.

"மாப்ள, நீதான் பழைய விஷயமெல்லாம் நோண்டிக்கிட்டே இருப்பியே. ஒண்ணு கேக்கணும்."

விஷயம் இதுதான். அவன் பெண் ரெண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் வேக வைத்த முட்டைக்குக் கலர் அடிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பாப்பா ஆசையாக இரண்டு முட்டை வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறாள். அதே வாரம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஃபார்வர்டு: 'ஈஸ்டர் என்பது பாபிலோனியப் பெண் தெய்வம் இஷ்தாரின் பெயர், முட்டை அவளுடைய கருவளச் சின்னம், கலர் முட்டை வைப்பது விக்கிரக ஆராதனை.' அதைப் படித்த அவன் அம்மா முட்டைகளை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டார். பாப்பா அழுதிருக்கிறாள். அம்மாவும் மனசு சரியில்லாமல் சாப்பிடவில்லையாம்.

"முட்டை போனா போகுது. பண்டிகையே நம்ம பண்டிகை இல்லேங்கிறாங்களே, அது நெசமாடா?"

ஒரு வாரம் டைம் கொடு என்றேன். இரண்டு மாசம் ஆகிவிட்டது. அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

பெயரே சொல்லும் சாட்சி

முதலில் இஷ்தார் கதை. 'ஈஸ்டர்', 'இஷ்தார்' இரண்டும் காதுக்கு ஒரே மாதிரி கேட்கிறது என்பதைத் தவிர இந்த வாதத்துக்கு வேறு கால் கிடையாது. அதை உடைக்க ஏலாக்குறிச்சிக் கோயிலுக்குப் போனாலே போதும். வீரமாமுனிவர் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பிய அதே ஊர். அங்கே உயிர்ப்புத் திருவிழிப்பு அன்று ராத்திரி ஏற்றும் பெரிய மெழுகுதிரிக்கு என்ன பெயர்? பாஸ்கா திரி. பாடுகளின் நாடகத்துக்குப் பல ஊர்களில் என்ன பெயர்? பாஸ்கா. தமிழ் பைபிளில் யூதர்களின் அந்தப் பண்டிகைக்கு என்ன பெயர்? பஸ்கா.

இந்தப் பாஸ்கா எபிரேய மொழியின் 'பெசாக்' என்ற சொல்லிலிருந்து வந்தது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து யூதர்கள் விடுபட்டதை நினைவுகூரும் பண்டிகை அது. இயேசுவின் மரணமும் உயிர்ப்பும் நடந்தது அந்தப் பண்டிகைச் சமயத்தில் என்பதால் கிறிஸ்தவர்கள் அதே பெயரை எடுத்துக்கொண்டார்கள். கிரேக்கத்திலும் லத்தீனிலும் பாஸ்கா, பிரெஞ்சில் பாக், ஸ்பானிஷில் பாஸ்குவா, ரஷ்ய மொழியில் பாஸ்ஹா. மலையாளத்தில் பெரிய வியாழனுக்குப் பெசஹா என்றே பெயர். 'ஈஸ்டர்' என்பது ஆங்கிலத்திலும், 'ஓஸ்டர்ன்' என்று ஜெர்மனிலும்தான் பெரிதாக வழங்குகிறது.

இப்போது தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். சாஃப்ட்வேரில் பக் தேடும்போது நாங்கள் முதலில் பார்ப்பது லாக் ஃபைலில் உள்ள நேரத்தைத்தான். எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது? 2-ஆம் நூற்றாண்டிலேயே இந்தப் பண்டிகையை எந்த நாளில் கொண்டாடுவது என்று கிறிஸ்தவர்களுக்குள் சண்டை இருந்திருக்கிறது. 325-ல் நிசேயா பொதுச்சங்கம் அதை முடித்து வைக்கப் பார்த்தது. போப் அனுப்பிய அகஸ்டின் என்ற துறவி இங்கிலாந்தின் கென்ட் கரையில் வந்து இறங்கியது 597-ல். அதாவது, 'ஈஸ்டர்' என்ற ஆங்கிலப் பெயர் ஒட்டிக்கொள்வதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே பண்டிகை இருந்தது. பின்னால் வந்த பெயர்ப் பலகையை வைத்து முன்னால் கட்டின வீட்டுக்குப் பட்டா போட முடியாது.

சரி, அந்த ஆங்கிலப் பெயர் எங்கிருந்து வந்தது? 725-ல் பீட் என்ற ஆங்கிலத் துறவி காலக்கணிதம் பற்றி ஒரு நூல் எழுதினார். ஆங்கிலேயர்கள் பாஸ்கா வரும் மாதத்தை முன்பு 'ஈஸ்டர் மாதம்' என்ற பொருளில் அழைத்தார்கள், அது ஈஓஸ்ட்ரே என்ற பெண் தெய்வத்தின் பெயர் என்று அதில் ஒரு குறிப்பு. அவ்வளவுதான். முட்டையும் இல்லை, முயலும் இல்லை. நாம் 'வியாழக்கிழமை' என்று சொல்வதால் வியாழக் கிரகத்தைக் கும்பிடுகிறோம் என்று அர்த்தம் ஆகிவிடாது, அது மாதிரிதான் இதுவும்.

1835-ல் யாக்கோப் கிரிம், ஆம், தேவதைக் கதைகள் தொகுத்த அதே கிரிம் சகோதரர்களில் மூத்தவர், ஜெர்மன் புராணவியல் பற்றி எழுதிய நூலில் ஜெர்மானியர்களுக்கும் 'ஓஸ்டாரா' என்று ஒரு தெய்வம் இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்தார். 1850-களில் அலெக்சாண்டர் ஹிஸ்லப் என்ற ஸ்காட்லாந்துப் போதகர், கத்தோலிக்க வழக்கங்கள் எல்லாமே பாபிலோனிலிருந்து வந்தவை என்று காட்ட ஒரு புத்தகம் எழுதினார். ஈஸ்டரையும் இஷ்தாரையும் முடிச்சுப் போட்டு ஊருக்கெல்லாம் பரப்பியது அந்தப் புத்தகம்தான். நண்பனின் அம்மாவை அழ வைத்த ஃபார்வர்டின் கொள்ளுத்தாத்தா அது. இன்றைக்கு ஆராய்ச்சியாளர்கள் யாரும் அதை ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை.

நாமக்கல்லும் புரட்டாசியும்

பெயர் விஷயம் முடிந்தது. ஆனால் முட்டை? அதற்குப் பதில் எனக்கு எங்கள் பூலாம்பாடியிலேயே கிடைத்தது.

பெரம்பலூர் மாவட்டத்தில் மானாவாரிக் காடு முழுக்க மக்காச்சோளம்தான். அது பெரும்பாலும் போவது கோழித் தீவனத்துக்கு. நம்ம மக்காச்சோளம் நாமக்கல் பக்கம் போய் முட்டையாகத் திரும்பி வருகிறது என்று ஊரில் கேலியாகச் சொல்வார்கள். அதனால் முட்டை விலையை எங்கள் ஊர்க்காரர்களும் கொஞ்சம் கவனிப்பார்கள். புரட்டாசி பிறந்தால் நாமக்கல்லில் முட்டை விலை இறங்கும். பெருமாளுக்கு விரதம் இருக்கும் வீடுகளில் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. சாப்பிடுகிற ஆள் குறைகிறது. ஆனால் கோழிக்குப் புரட்டாசி தெரியுமா? அது பாட்டுக்குத் தினமும் முட்டை போடும்.

இதே கதையைப் பழைய ஐரோப்பாவில் வைத்துப் பாருங்கள். ஈஸ்டருக்கு முன்னால் 40 நாள் தவக்காலம். இன்றைக்கு மாதிரி வெள்ளிக்கிழமை மட்டும் கறி தவிர்க்கும் லேசான விரதம் இல்லை அது. மிருகத்திலிருந்து வரும் எதுவும் கூடாது, பாலும் முட்டையும் உட்பட. 692-ல் கான்ஸ்டான்டினோப்பிளில் கூடிய ட்ருல்லோ சங்கம் இதைச் சட்டமாகவே போட்டது. ஆர்மீனியாவில் சிலர் தவக்காலத்துச் சனி, ஞாயிறுகளில் முட்டையும் பாலாடைக்கட்டியும் சாப்பிடுகிறார்களாம், அது கூடாது என்கிறது அதன் 56-ஆவது விதி. 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸும் முட்டையும் பாலும் ஏன் விலக்கப்படுகின்றன என்று விளக்கம் எழுதியிருக்கிறார்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு வீட்டில் 6 கோழி. வாரத்துக்கு ஒரு கோழி 4 முட்டை. இடையில் வரும் ஞாயிறுகளையும் சேர்த்தால் தவக்காலம் ஏறக்குறைய 6 வாரமும் 4 நாளும். 150 முட்டைக்கு மேல் சேர்ந்துவிடும். விற்கலாமா? வாங்க ஆள் கிடையாது, ஊரே விரதம். கொஞ்சம் அடை வைக்கலாம். மீதி? வேக வைத்து வைப்பார்கள், குளிர்ந்த இடத்தில் அடுக்கி வைப்பார்கள், பண்டிகை அன்று ஊருக்குக் கொடுப்பார்கள். இங்கிலாந்தில் குடியானவர்கள் ஆண்டைக்கு ஈஸ்டர் சமயத்தில் முட்டையாகவே வாரம் அளக்கும் வழக்கமும் இருந்தது.

தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை இங்கிலாந்தில் பான்கேக் சுட்டுச் சாப்பிடும் வழக்கம் இன்றும் உண்டு. வீட்டில் இருக்கும் முட்டை, பால், வெண்ணெயைத் தீர்ப்பதற்காக வந்த வழக்கம் அது. விரதத்தின் இந்தக் கரையில் பான்கேக், அந்தக் கரையில் ஈஸ்டர் முட்டை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

வெளிச்சம் செய்யும் வேலை

இன்னொரு காரணம் சூரியன். கோழி நன்றாக முட்டையிட ஒரு நாளைக்குச் சுமார் 14 மணி நேரம் வெளிச்சம் வேண்டும். அதனால்தான் பண்ணைகளில் விடிவதற்கு முன்னும் இருட்டின பிறகும் லைட் போட்டு வைக்கிறார்கள். மின்சாரம் இல்லாத காலத்து லண்டனில் டிசம்பரில் பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு. நாட்டுக்கோழி முட்டையை நிறுத்திவிடும், அல்லது வெகுவாகக் குறைத்துவிடும். மார்ச், ஏப்ரலில் பகல் நீள நீள மறுபடி தொடங்கும். குளிர்காலம் முழுக்க முட்டையைப் பார்க்காத குழந்தைக்கு முதல் முட்டை கண்ணில் படும்போது தவக்காலம் வந்து நிற்கும். பார்க்கலாம், தொடக் கூடாது. அப்படிக் காத்திருந்து ஈஸ்டர் அன்று கையில் கிடைக்கும் முட்டை எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும்!

பூலாம்பாடியில் டிசம்பர் பகலுக்கும் ஜூன் பகலுக்கும் வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்தான். எங்கள் அப்பாயி வளர்த்த கோழிகளுக்கு இது முட்டைக்காலம், இது இல்லை என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஒரு ஈடு முட்டை போடும், அடைக்கு உட்காரும், குஞ்சு பொரிக்கும், மறுபடி போடும். அடை வைக்கும் முட்டை ஒவ்வொன்றிலும் அப்பாயி அடுப்புக்கரியால் ஒரு கோடு போடுவார். பிறகு வேறு கோழி வந்து கூடையில் முட்டையிட்டால் தனியாகத் தெரியணும் என்பதற்காக. கூடையில் ஒரு இரும்புத் துண்டும் காய்ந்த மிளகாயும் வைப்பார், இடி இடித்தால் முட்டை கெடாதாம். கரிக்கோட்டுக்குக் காரணம் உண்டு, மிளகாய்க்கு நம்பிக்கை மட்டும். ஒரே கூடையில் இரண்டும் இருந்தன. பண்டிகைகளும் அப்படித்தான் என்று இப்போது தோன்றுகிறது.

கலர் எப்படி வந்தது?

1290-ல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் அரண்மனைக் கணக்கில் ஒரு வரி இருக்கிறது. ஈஸ்டருக்கு 450 முட்டை வாங்க 18 பென்ஸ். தங்கத் தாள் ஒட்டியும் சாயம் போட்டும் அரண்மனை ஆட்களுக்குக் கொடுத்தார்கள். வகுத்துப் பாருங்கள், ஒரு பென்னிக்கு 25 முட்டை. பணக்காரப் பரிசு என்று சொல்ல முடியாது. மலிவாகக் குவிந்து கிடந்த ஒரு பொருளை அழகாக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

கிரேக்கம் போன்ற ஆர்த்தடாக்ஸ் நாடுகளில் முட்டைக்குச் சிவப்புச் சாயம். அங்கே பல வீடுகளில் சாயத்துக்குப் பயன்படுத்தியது வெங்காயத் தோல். இதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பெரம்பலூர்க்காரனிடம் வெங்காயத் தோலுக்கா பஞ்சம்? சின்ன வெங்காயத்தின் காய்ந்த மேல்தோலை இரண்டு கை அள்ளி, தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்க விட்டு, வடிகட்டி, ஒரு ஸ்பூன் வினிகர் விட்டு, அதிலேயே வெள்ளை முட்டையை வேக வைத்தேன். செங்கல் நிறம் வந்தது. நாட்டுக்கோழி முட்டையில் இன்னும் கருஞ்சிவப்பு. வெங்காயத் தோலில் உள்ள க்வெர்செட்டின் என்ற நிறமிதான் காரணம். கடையில் எதுவும் வாங்க வேண்டாம். ஏழை வீட்டுக் கலர் இது.

முயல் வந்தது பிற்பாடு. 1682-ல் கெயோர்க் ஃபிராங்க் என்ற ஜெர்மன் மருத்துவர் ஈஸ்டர் முட்டை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அல்சாஸ் முதலிய பகுதிகளில், முயல் முட்டையிட்டுப் புல்லுக்குள் ஒளித்து வைக்கும் என்று குழந்தைகளிடம் சொல்வார்கள், குழந்தைகள் தேடி எடுப்பார்கள் என்று அதில் இருக்கிறது. அமெரிக்காவுக்குக் குடிபோன ஜெர்மானியர்கள் அதைக் கையோடு கொண்டு போனார்கள். இங்கிலாந்தின் ஃப்ரை கம்பெனி 1873-ல் சாக்லெட் முட்டை செய்தது, 1875-ல் கேட்பரி. எங்கள் தொழிலில் புரோகிராமுக்குள் ஒளித்து வைக்கும் வேடிக்கைக்கு 'ஈஸ்டர் எக்' என்று பெயர் வந்ததும் இந்தத் தேடும் விளையாட்டிலிருந்துதான். அடாரி கம்பெனியின் 'அட்வென்சர்' கேமில் வாரன் ராபினெட் தன் பெயரை ரகசிய அறையில் ஒளித்து வைத்தார். செய்தவர் பெயரைக் கம்பெனி போடாத காலம் அது.

அர்த்தம் எப்போது ஏறியது?

அப்படியானால் முட்டைக்கு ஆன்மிக அர்த்தமே இல்லையா? இருக்கிறது. மூடிய கல்லறை மாதிரி ஓடு, அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும் உயிர். சிவப்பு, சிந்திய இரத்தம். மகதலா மரியாள் ரோமப் பேரரசன் முன்னால் பிடித்த முட்டை சிவப்பாக மாறியது என்று கிழக்குத் திருச்சபைகளில் ஒரு மரபுக் கதையும் உண்டு. ஆனால் 1614-ல் ரோம் வெளியிட்ட சடங்கு நூலில் உள்ள முட்டை மந்திரிப்பு ஜெபத்தைப் பாருங்கள். உயிர்ப்பை முன்னிட்டு நன்றியோடு சாப்பிடுகிறவர்களுக்கு இது நல்ல உணவாக இருக்கட்டும் என்பதுதான் அதன் சாரம். அங்கே முட்டை முதலில் சாப்பாடு.

முட்டையை உயிரின் சின்னமாகப் பார்ப்பது யாருக்கும் தனிச்சொத்து இல்லை. பாரசீகப் புத்தாண்டான நவ்ரூஸில் வண்ண முட்டை உண்டு, யூதர்களின் பெசாக் தட்டிலும் முட்டை உண்டு. நாம் உலகத்தையே அண்டம் என்கிறோம், அண்டம் என்றாலும் முட்டைதான். பிரம்மாண்டம் பிரம்மனின் முட்டை. இன்னொரு பக்கம், முச்சந்தியில் திருஷ்டி கழித்து உடைப்பதும் அதே முட்டைதான். கோழி இருக்கும் ஊரிலெல்லாம் மனுசன் முட்டையைப் பார்த்து யோசித்திருக்கிறான். இரண்டு ஊரில் ஒரே யோசனை வந்தால், ஒன்று மற்றதிலிருந்து திருடியது என்று ஆகாது.

நம் பக்கம் ஏன் வேர் பிடிக்கவில்லை?

கடைசிக் கேள்வி. தமிழ்நாட்டில் கிறிஸ்தவம் வந்து நூற்றாண்டுகள் ஆன பிறகும் கிராமத்து ஈஸ்டரில் கலர் முட்டை ஏன் இல்லை? கேரளத்தின் சிரியன் கிறிஸ்தவர்கள் 50 நாள் நோன்பில் கறி, மீன், முட்டை எல்லாம் விடுகிறார்கள். அங்கேயும் இந்த வழக்கம் முளைக்கவில்லையே?

என் கணிப்பு இது. வழக்கம் முளைக்க மூன்று விஷயம் ஒன்றாகச் சேர வேண்டும்: முட்டை குவியும் பருவம், கெடாமல் வைத்திருக்கும் குளிர், ஊர் முழுக்க ஒரே விரதம். நம் பக்கம் கோழிக்குப் பருவம் கிடையாது. ஏப்ரல் வெயிலில் நாட்டுக்கோழி முட்டையை ஆறு வாரம் வைத்தால் கூமுட்டைதான் மிஞ்சும். மூன்றாவதுதான் முக்கியம். ஒரு தெருவில் தவக்காலம் என்றால் பக்கத்துத் தெருவில் கிடையாது. புரட்டாசியிலும் அப்படியே, விரதம் இல்லாத வீடுகள் உண்டு. முட்டை அங்கே போய்விடும். பல மதக்காரர்கள் சேர்ந்து வாழும் ஊரில் விரதத்தால் எந்தப் பொருளும் முழுசாகத் தேங்குவதில்லை.

அதனால் இங்கே உயிர்ப்புக்கு அடையாளமாகக் கோயில் இருட்டில் ஏற்றும் பாஸ்கா திரி நின்றது. விடிந்தால் கறிக்குழம்பு. முட்டை வந்தாலும் பிரியாணிக்குள்தான் வரும்.

இதையெல்லாம் நண்பனிடம் சொன்னேன். "அம்மாட்ட நீயே சொல்லுடா" என்று போனை அவரிடம் கொடுத்துவிட்டான். எட்வர்ட், பீட் எல்லாம் எதற்கு? "அம்மா, அந்தக் காலத்துல அவங்க ஊர்ல விரதம் முடிச்சதும், சேர்ந்து கெடந்த முட்டைய அழகு பண்ணி அக்கம்பக்கத்துக்குக் குடுத்தாங்க. அவ்ளோதான்மா" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "இதுக்காடா புள்ளைய அழ வெச்சேன்" என்றார்.

இந்த வருஷம் பெரிய சனிக்கிழமை சாயங்காலம் நண்பன் ஒரு போட்டோ அனுப்பினான். ஒரு எவர்சில்வர் தட்டில் செங்கல் நிறத்தில் ஆறு முட்டை. பக்கத்தில் பாப்பா. பின்னால் முறத்தில் அம்மா உரித்துப் போட்ட சின்ன வெங்காயத் தோல். ராத்திரி பூசை முடிந்து வந்ததும் இரண்டை வைத்துக்கொண்டு நாலைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தார்களாம்.